ஒன்றரை நூல் இடைவெளி: ஒரு ஆர்.சி. படகின் ஷாஃப்ட் பழுது

என் ஆர்.சி. படகை, அதாவது ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகை, மேசைமேல் வைத்து விரலால் சுழற்றினால் புரொபெல்லர் ஷாஃப்ட் எங்கேயும் பிடிக்காமல் சுற்றும். ரிமோட்டில் லேசாக த்ராட்டில் கொடுத்தாலும் சத்தம் சுத்தமாக இருக்கும். அதே படகை ஏரியில் விட்டு முழு வேகம் கொடுத்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பும், வேகம் குறையும், ஈ.எஸ்.சி. (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி) தானாக அணைந்துவிடும். கரைக்கு இழுத்து வந்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி விரலால் சுழற்றினால் பழையபடி அருமையாகச் சுற்றும். இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் எலெக்ட்ரானிக்ஸில்தான் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் இருந்ததோ படகின் வாலில், மில்லிமீட்டர் கணக்கில்.

இதே மாதிரி மோட்டரும் ஈ.எஸ்.சி.யும் மாற்றி மாற்றிப் பணத்தை விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடியே, அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

படகு

68 செ.மீ. நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் டீப்-வி உடல், அதாவது அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம். வெறும் உடலாக வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். 36 மி.மீ. விட்டமுள்ள பிரஷ்லெஸ் மோட்டர், 2030 கே.வி., அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2030 சுற்று; தண்ணீர் ஜாக்கெட் உண்டு. நான்கு செல் லிப்போ பேட்டரி, அதாவது 14.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் லோடு இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 30,000 சுற்று. புரொபெல்லர் ஆக்டுரா எக்ஸ்442. அந்த எண்ணிலேயே விவரம் இருக்கிறது: முதல் 4 என்றால் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) விட்டத்தைப்போல் 1.4 மடங்கு, அடுத்த 42 என்றால் விட்டம் 42 மி.மீ. ஆக, ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 58.8 மி.மீ. முன்னேற வேண்டும்.

இந்த மோட்டருக்கும் புரொபெல்லருக்கும் நடுவில் இருப்பதுதான் இங்கே விஷயம். மோட்டர் ஷாஃப்டில் ஒரு காலெட். அது இறுக்கிப் பிடித்திருப்பது ஃப்ளெக்ஸ் கேபிளை: எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காக முறுக்கிச் செய்த, வளையக்கூடிய ஷாஃப்ட். என்னுடையது 4.76 மி.மீ., அதாவது மூன்றின் கீழ் பதினாறு அங்குலம். அந்தக் கேபிள் உடலின் தரையைத் துளைத்துப் போகும் 7.1 மி.மீ. பித்தளைக் குழாய்க்குள் செல்கிறது. குழாய்க்கும் கேபிளுக்கும் நடுவே டெஃப்ளான் லைனர். படகின் பின்பலகையில் ஸ்ட்ரட் என்ற அலுமினியத் தாங்கி, அதற்குள் பித்தளை புஷ். கேபிளின் கடைசியில் வெல்டு செய்த கெட்டியான ஸ்டப் ஷாஃப்ட் அந்த புஷ்ஷுக்குள் சுற்றுகிறது. ஸ்ட்ரட்டைத் தாண்டி வெளியே வந்ததும் ஷாஃப்டில் பூட்டிய டிரைவ் டாக் என்ற பல் வைத்த வளையம், அதன் பல்லில் மாட்டிக்கொண்டு புரொபெல்லர், கடைசியில் நட்.

எல்லாம் எளிய பாகங்கள். ஆனால் 14.8 வோல்ட்டில் 70 ஆம்பியர் ஓடினால் அது ஒரு கிலோவாட். அவ்வளவு சக்தியும் பென்சிலைவிட மெல்லிய ஒரு முறுக்குக் கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும்.

தப்பான நான்கு வாரம்

முதலில் சந்தேகப்பட்டது குளிரூட்டும் தண்ணீரை. ரடரில் (சுக்கானில்) இருக்கும் துளை வழியாக ஏறும் தண்ணீர் மோட்டர் ஜாக்கெட்டைச் சுற்றி ஈ.எஸ்.சி.க்குள் போய்ப் பக்கவாட்டில் வெளியே பீய்ச்சும். பீய்ச்சலைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அடுத்து பேட்டரி: நண்பரிடம் புதியதை வாங்கிப் போட்டும் அதே கதை. அப்புறம் ஈ.எஸ்.சி.யை மாற்றினேன். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. புது ஈ.எஸ்.சி. இன்னும் சீக்கிரமாக அணைந்தது, ஏனென்றால் அதன் பாதுகாப்பு வரம்பு பழையதைவிடக் கறாரானது. இந்த ஒரு விவரமே எனக்குச் சேதி சொல்லியிருக்க வேண்டும். ஈ.எஸ்.சி. கெட்டுப்போகவில்லை, அளவுக்கு மீறி ஆம்பியர் இழுக்கிறது என்று சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

புரொபெல்லர் பெரிதாகிவிட்டதோ என்று 40 மி.மீ.க்கு இறங்கிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் இரண்டரை நிமிடமானது, அவ்வளவுதான். ஜி.பி.எஸ்.ஸில் உச்ச வேகம் மணிக்கு 41 கி.மீ. இந்த அமைப்புக்கு 60க்கு மேல் வராவிட்டால் எங்கோ சக்தி வீணாகிறது என்று அர்த்தம்.

வாலைக் கழற்றியபோது

ஐந்தாவது வாரம் புரொபெல்லர் நட்டைக் கழற்றி, காலெட்டைத் தளர்த்தி, கேபிளை முழுதாக வெளியே உருவினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் செய்ய வேண்டிய வேலை இது. பழுதைத் தேடுகிற மும்முரத்தில் மூன்று வாரமாகச் செய்யவில்லை.

முதலில் கண்ணில் பட்டது கிரீஸின் நிறம். போடும்போது நீலமாக இருந்தது, இப்போது கன்னங்கரேல். துணியில் துடைத்து வெயிலில் பிடித்தால் அதற்குள் பொன் தூசி மின்னியது. அது பித்தளை. கூடவே சில வெள்ளைச் செதில்கள், அவை டெஃப்ளான்.

அடுத்து ஸ்ட்ரட்டின் பின்முகம். புஷ்ஷைச் சுற்றி, மோதிரம் போட்ட இடம் போல, கண்ணாடியாகப் பளபளக்கும் ஒரு வளையம். டிரைவ் டாக்கின் முன்முகத்தில் அதற்குப் பொருத்தமான இன்னொரு வளையம், ஓரத்தில் வெப்பத்தின் நீலச் சாயலோடு. இரண்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொருத்தும்போது டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டிருந்தேனே? இப்போதும் அது அப்படியே இருந்தது. தாள் நுழைந்தது, விசிட்டிங் கார்டு நுழைந்தது. நிற்கும்போது தொடாத இரண்டு முகங்கள் ஓடும்போது எப்படித் தொட்டன?

பட்டறையில்

எங்கள் கோவையில் மோட்டர் பம்பு வேலை செய்யாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நான் ஸ்ட்ரட் புஷ் கடைய வழக்கமாகப் போகும் லேத் பட்டறைக்காரர் நாற்பது வருஷமாகப் பம்பு ஷாஃப்ட் பார்க்கிறவர். படகையே தூக்கிக்கொண்டு போய் அவர் மேசைமேல் வைத்தேன். விரலால் சுழற்றிக் காட்டினேன்.

"கையில சுத்துனா எல்லாந்தான் சுத்துமுங்க தம்பி. லோடு வந்தா என்னாகுதுன்னு பாருங்க."

"லோடு தண்ணியிலதானுங்ணா வரும்?"

"ஏன், கையில குடுக்கக் கூடாதா?" என்றவர் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொன்னார். (இந்தச் சோதனையை யார் செய்தாலும் முதல் வேலை அதுதான். மோட்டரில் மின்சாரம் இருக்கும்போது அந்தப் பக்கம் விரலே போகக் கூடாது.) துணி சுற்றிய பிளையரால் டிரைவ் டாக் சுற்றாதபடி என்னைப் பிடிக்கச் சொன்னார். அவர் காலெட்டில் ஸ்பேனரைப் போட்டு, மோட்டர் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருகினார்.

கால் சுற்றுகூட முழுதாக வரவில்லை. டிரைவ் டாக் என் பிளையரோடு சேர்ந்து முன்னால் நகர்ந்து ஸ்ட்ரட்டில் 'டக்' என்று உட்கார்ந்தது. அவர் ஸ்பேனரைத் தளர்த்தியதும் பின்வாங்கியது. திருகினார், உட்கார்ந்தது. விட்டார், விலகியது. அந்த ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம் என் கண்முன்னால் மூடித் திறந்துகொண்டிருந்தது.

"கயிறு திரிக்கறது பார்த்திருக்கீங்கல்ல? முறுக்கு ஏற ஏற நீளம் குறையும். இதுவும் கயிறுதானுங்க. எவ்வளவு விட்டீங்க?"

"ஒரு மில்லிமீட்டர்."

"பத்தாது. கேபிள் என்ன கனம்? ஒன்றரை நூல். அப்ப ஒன்றரை நூல் விடுங்க."

நம் பட்டறைகளில் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம் ஒரு நூல். ஒன்றரை நூல் என்றால் மூன்றின் கீழ் பதினாறு அங்குலம், அதாவது 4.76 மி.மீ. ஷாஃப்டின் விட்டம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு இடைவெளி என்பதுதான் ஆர்.சி. படகுக்காரர்கள் கையாளும் அளவும். அவர் அதை எங்கேயும் படித்தவரில்லை.

உள்ளே நடந்தது என்ன

ஃப்ளெக்ஸ் கேபிள் ஓடும்போது அதன்மேல் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. மோட்டரின் முறுக்கு கேபிளை இறுக்கி நீளத்தைக் குறைக்கிறது. புரொபெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதால் அதன் எதிர்விசை ஷாஃப்டை முன்னால் தள்ளுகிறது. இரண்டுமே டிரைவ் டாக்கை ஸ்ட்ரட்டை நோக்கித்தான் கொண்டுவருகின்றன. இடைவெளி போதவில்லையென்றால் டாக் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றிக்கொண்டே ஸ்ட்ரட் முகத்தில் அழுந்துகிறது. அது நல்ல பிரேக் கட்டை போல வேலை செய்யும். மோட்டர் அந்த பிரேக்கை எதிர்த்துக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கூடுதல் ஆம்பியர் கூடுதல் முறுக்கைக் கொடுக்கும். கேபிள் இன்னும் சுருங்கி இன்னும் அழுத்தும். இப்படி ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டு ஒன்றரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்விடுகிறது. அதோடு, டாக் ஸ்ட்ரட்டில் முட்டிக்கொண்ட பிறகும் கேபிள் சுருங்கப் பார்ப்பதால் அது மோட்டர் ஷாஃப்டைப் பின்பக்கமாக இழுக்கிறது. என் மோட்டரின் முன் பேரிங்கில் மணல் போன்ற ஒரு நெருடல் வந்திருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மேசைமேல் லோடு இல்லை. லோடு இல்லையென்றால் முறுக்கும் இல்லை, சுருக்கமும் இல்லை. மேசையில் எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பழுது தலைகாட்டாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமாகக் கிடைக்கும் கேபிள், படகின் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்றும்போது இறுகும்படி முறுக்கப்பட்டது. மோட்டர் ஒயரில் இரண்டை மாற்றிப் போட்டால் பிரஷ்லெஸ் மோட்டர் எதிர்த்திசையில் சுற்றும். எதிர்த்திசை புரொபெல்லர் கையில் இருக்கிறதே என்று அப்படி மாற்றி ஓட்டினால் கேபிளின் புரி பிரியும், பருத்து லைனரைக் கவ்வும். என்னுடையது சரியான திசையில்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அதையும் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இன்னொரு குறை

கிரீஸில் இருந்த வெள்ளைச் செதில்களுக்கு இந்த விளக்கம் போதவில்லை. டாக் உரசினால் அலுமினியமும் பித்தளையும் தேயும், டெஃப்ளான் ஏன் தேய வேண்டும்? பட்டறைக்காரர் படகுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, மோட்டரும் குழாயும் ஒரே கோட்டில் இல்லை என்றார். வெர்னியரை வைத்துப் பார்த்தால் குழாயின் வாய் மோட்டர் ஷாஃப்டைவிட ஏறக்குறைய 2 மி.மீ. கீழே இருந்தது. வளையும் கேபிள்தானே, சமாளித்துக்கொள்ளும் என்று பொருத்தும்போது விட்டுவிட்டிருந்தேன். கேபிள் வளையும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குழாயின் விளிம்பில் தன் பக்கவாட்டை அழுத்திக்கொண்டேதான் வளையும். காலெட்டிலிருந்து குழாயின் வாய் வரை 40 மி.மீ. எந்தத் தாங்கலும் இல்லாமல் வேறு இருந்தது. அந்த நீளத்தில் கேபிள் சாட்டை மாதிரி அடித்திருக்கிறது. லைனரின் முனை பூப்போல விரிந்து கிழிந்திருந்தது.

நேர்கோடு தவறுவது பெரிய கப்பலானாலும் மன்னிக்காது. 2022 ஆகஸ்டில் பிரிட்டனின் 65,000 டன் விமானந்தாங்கிக் கப்பல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பியதும் வைட் தீவுக்கு அருகே நின்றுபோனது. வலப்பக்க புரொபெல்லர் ஷாஃப்டின் இணைப்பு உடைந்திருந்தது. ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லாததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஒவ்வொரு புரொபெல்லரும் 33 டன் எடையுள்ள கப்பல் அது. பழுது பார்க்க ரோசைத் துறைக்குப் போனது. அந்தச் செய்தியை அப்போது ஆர்வமாகப் படித்தவன்தான் நான்.

மறுபடி கட்டியது

பழைய குழாயை வெட்டி எடுத்துவிட்டேன். புதுப் பித்தளைக் குழாயை மங்கிய சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டு, உள்ளே உப்பை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, ஒரு பெயிண்ட் டப்பாவின்மேல் வைத்து மெல்ல வளைத்தேன். உப்பு நிரப்புவது குழாய் நசுங்காமல் இருக்க. வேலை முடிந்ததும் தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். மோட்டர் பக்கம் ஒரு வளைவு, ஸ்ட்ரட் பக்கம் எதிர் வளைவு, இரண்டும் எவ்வளவு சாவகாசமாக வளைகின்றனவோ அவ்வளவு நல்லது. எங்கேயும் முழங்கை மாதிரி மடங்கக் கூடாது.

நேர்கோட்டுக்குப் பட்டறைக்காரர் ஒரு சின்னச் சாமான் கடைந்து தந்தார். இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை உருளை. ஒரு முனையில் மோட்டர் ஷாஃப்டுக்கு அளவான 5 மி.மீ. துளை, மறுமுனையில் பித்தளைக் குழாய் இறுக்கமில்லாமல் நுழையும் 7.1 மி.மீ. துளை, இரண்டும் ஒரே மையத்தில். காலெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினால் மோட்டர் ஷாஃப்டும் குழாயும் தாமாக ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த நிலையிலேயே குழாயை அரால்டைட் போட்டு ஒட்டினேன். நடுவில் ஒரு மரத்துண்டைத் தாங்கலாகக் கொடுத்து அதையும் ஒட்டினேன். மறுநாள் காலை மவுண்டிலிருந்து மோட்டரைக் கழற்றி, உருளையை உருவி எடுத்துவிட்டு, காலெட்டோடு மோட்டரைத் திரும்பப் பூட்டினேன். "கூலி வேண்டாமுங்க, படகு ஓடறதக் காட்டுங்க போதும்" என்றார்.

தாங்கலில்லாத நீளத்தை 40 மி.மீ.யிலிருந்து 18க்குக் குறைத்தேன். லைனரின் முனை காலெட்டைத் தொடாதபடி சில மில்லிமீட்டர் விட்டு வெட்டினேன். புதுக் கேபிளை அளவுக்கு நறுக்கும் முன் வெட்டப்போகும் இடத்தில் கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து ஈயம் ஏற்றிக்கொண்டேன். அப்படிச் செய்யாமல் கட்டிங் வீலை வைத்தால் புரி பிரிந்து முனை துடைப்பமாகிவிடும், அப்புறம் காலெட்டுக்குள் நுழையவே நுழையாது.

ஸ்ட்ரட்டைக் கீலின் (படகின் நடு அடிவிளிம்பின்) கோட்டுக்கு இணையாக, ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் வைத்தேன். அதன் வால்முனை கீழே சாய்ந்தால் தள்ளுவிசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைத் தண்ணீரில் அமுக்கும். மேலே சாய்ந்தால் மூக்கு எழும்பும். புதுப் படகுக்கு நடுநிலைதான் சரியான தொடக்கம்.

புரொபெல்லரையும் அப்போதே புதிதாகத் தயார் செய்தேன். அது பெரிலியம் காப்பர் வார்ப்பு; அப்படியே ஓட்ட முடியாது, விளிம்பைக் கூராக்கி எடையைச் சமன் செய்ய வேண்டும். இந்த உலோகத்தின் தூசி நுரையீரலுக்குப் பெரிய ஆபத்து. தண்ணீருக்கடியில் வைத்து வாட்டர் பேப்பரால்தான் தேய்க்க வேண்டும். உலர்வாகக் கிரைண்டரில் காட்டவே கூடாது. நான் மாஸ்க்கும் போட்டுக்கொள்வேன், தேய்த்த தண்ணீரையும் துணியையும் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துவேன். இதில் சமரசம் வேண்டாம்.

கடைசியாக, காலெட்டையும் கேபிளையும் குறுக்கே தொட்டபடி வெள்ளைப் பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு போட்டேன். ஓட்டத்துக்குப் பின் கோடு உடைந்திருந்தால் கேபிள் காலெட்டுக்குள் வழுக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மை சோதனை

ஒன்றரை நூல் சரிதானா என்று தண்ணீரிலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஸ்ட்ரட்டின் பின்முகத்திலும் டாக்கின் முன்முகத்திலும் கறுப்பு மார்க்கர் மையைப் பூசி உலரவிட்டேன். காலெட்டைத் தளர்த்திக் கேபிளை முன்பின் நகர்த்தினால் இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்குப் போய்விட்டோம். பட்டறைக்காரரும் வந்திருந்தார். முதலில் 1.5 மி.மீ. இடைவெளி, அரை நிமிடம் மட்டும் முழு வேகம். எடுத்துப் பார்த்தால் இரண்டு முகத்திலும் மை சுத்தமாக அழிந்து உலோகம் தெரிந்தது. மறுபடி பூசி, ஒரு நூல், அதாவது 3.2 மி.மீ.: மையில் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கீறல். வேகமாகத் திரும்பும்போது மட்டும் தொட்டிருக்கும். மூன்றாவது ஒன்றரை நூல். இந்த முறை பேட்டரி தீரும் வரை, நாலரை நிமிடம். மை பூசியது பூசியபடி இருந்தது.

அப்படியென்றால் இரண்டு நூல், மூன்று நூல் விட்டால் இன்னும் பத்திரமா என்று கேட்டால், இல்லை. இடைவெளி கூடக் கூட புரொபெல்லர் ஸ்ட்ரட்டின் புஷ்ஷை விட்டுத் தள்ளித் தொங்குகிறது. பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் அறைந்து சுற்றும் புரொபெல்லர் அந்த நீண்ட ஸ்டப்பை வளைக்கப் பார்க்கும், ஸ்ட்ரட் முழுக்க அதிரும்.

ஜி.பி.எஸ். 66 காட்டியது. கரைக்கு வந்ததும் மோட்டர்மேல் விரலை வைத்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். முன்பெல்லாம் மூன்று நொடி வைக்க முடியாது. அந்தக் கீச்சுச் சத்தம் இல்லை. பட்டறைக்காரர் ரிமோட்டைக் கையில் வாங்கவில்லை. புரொபெல்லர் எழுப்பும் நீர்த்தூவலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஷாஃப்ட் சத்தம் சரியா இருக்குதுங்க" என்றார்.

இப்போது

அதன்பிறகு பதினோரு முறை ஓட்டியிருக்கிறேன். மோட்டரின் முன் பேரிங்கை மட்டும் மாற்றினேன். பழைய ஈ.எஸ்.சி.யையே திரும்பப் போட்டிருக்கிறேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை. ஒவ்வொரு ஓட்ட நாளின் முடிவிலும் கேபிளை உருவித் துடைத்து, மரைன் கிரீஸ் தடவி, திரும்பப் பூட்டும்போது ஒன்றரை நூல் கனமுள்ள ஒரு பித்தளைத் துண்டை டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே வைத்துக் காலெட்டை இறுக்குகிறேன். அந்தத் துண்டும் பட்டறைக்காரர் வெட்டிக் கொடுத்ததுதான், ஆலன் கீ வளையத்திலேயே கோத்து வைத்திருக்கிறேன். கிரீஸ் நீலமாகவே வெளியே வருகிறது.

ஒரே ஒரு குறை மிச்சம். வலப்பக்கம் வேகமாகத் திருப்பினால் படகின் பின்பக்கம் ஒருமுறை துள்ளுகிறது. வரும் ஞாயிறு ஸ்ட்ரட்டை அரை மில்லிமீட்டர் மேலே ஏற்றிப் பார்க்கப் போகிறேன். ஏரியின் கிழக்குக் கரையில் ஆகாயத்தாமரையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. இடம் தாராளமாக இருக்கும்.